பசுமைச் சுவர்

விடிவதற்கு முன்பே விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சுத்தியல் சத்தம் கேட்டது. உடைந்த கோப்பை, கோணிய பொம்மை, வெடித்த இன்சுலேட்டர் எல்லாவற்றையும் துர்காவும் வீராயியும் கையளவுச் சில்லாக உடைத்தார்கள். மூக்கைச் சுற்றிய சேலைத் தலைப்பு வெளுத்திருந்தது. இருபது வருஷமாக அதற்குப் பெயர் குப்பை. முதலாளி விருத்தகிரி சென்னைக் கருத்தரங்கொன்றில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு வந்ததிலிருந்து, 'பசுமைக் கட்டுமானப் பொருள்'.

அந்தச் சில்லை வைத்து வாசலுக்கு ஒரு சுவர். வெள்ளிக்கிழமை அதைப் பார்க்கப் பசுமை விருதுக் குழு வருகிறது.

"மொதலாளி, வழவழப்புல சிமெண்டு புடிக்காதுங்க. கொத்திச் சொரசொரப்பாக்கணும். எங்க வூட்டுச் செவரு அப்படித்தான் நிக்குது" என்றான் கொத்தனார் கோவிந்தராசு, துர்காவின் கணவன்.

"கொத்துனா பளபளப்பு போயிடும். பூமியைக் காப்பாத்துற வேலைய்யா இது. சீக்கிரம் கட்டு."

பூமிக்கு ஒன்றும் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை நடக்கும்போதே சுவர் சரிந்து கோவிந்தராசின் கால் நசுங்கியது.

மறுநாள் காலை துர்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பேட்டைக்கு வந்தாள். விருத்தகிரி நீட்டிய தாளை வாங்கிப் படித்தாள். வேலை முடிந்தபின் கோவிந்தராசு குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தானாம்.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டு மறுபடி கட்டுங்க."

"அவரு டீயத் தவிர எதுவும் குடிக்காதவருங்க. இதுல போட்டா வைத்தியமும் கெடையாது, நஷ்ட ஈடும் கெடையாது. வேலையில வுழுந்துச்சுன்னு எழுதிக் குடுங்க" என்றாள் துர்கா.

"எழுதினா எனக்கு விருது போயிடும்மா."

"அவருக்குக் காலு போவப் போவுதுங்களே" என்ற வீராயி சுத்தியலைக் கீழே வைத்தாள். அங்கே வேலை செய்த பதினேழு பேரும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"உங்கள நம்பியா உலகம் சுத்துது?" முதலாளி போன் போட்டார்.

பத்து மணிக்கு மங்கலம்பேட்டையிலிருந்து வேனில் சுவர் கட்ட ஆறு பேர் வந்து இறங்கினார்கள். அவர்களில் குல்லா போட்ட மூத்த கொத்தனார் சரிந்த சுவரில் ஒரு சில்லைக் கரணையால் நெம்பினார். சிமெண்டு ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"இப்படிக் கட்டச் சொன்னது யாரு?"

துர்கா முதலாளியைப் பார்த்தாள். பிறகு தாளை நீட்டினாள். "படிச்சுப் பாருங்க பாய்."

அவர் நிதானமாகப் படித்தார்.

"பேர மட்டும் மாத்துனா இது எனக்கும் பொருந்தும்" என்றார் விருத்தகிரியிடம். கரணையைச் சாக்கில் சுருட்டினார். "தள்ளி உக்காரும்மா, எங்களுக்கும் கொஞ்சம் நெழல் வேணும்."

விருத்தகிரி இன்னொரு போன் போட்டார். இம்முறை போலீசுக்கு. மரத்தடியில் இருபத்துமூன்று பேர் இருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.