விடியும் முன் வந்த நாலு பேர்

விடியும் முன்பே நாலு ஆண்கள் வெள்ளைச் சால்வை போர்த்திக்கொண்டு வந்து உங்கள் கதவைத் தட்டினால் என்ன நினைப்பீர்கள்? எத்தியோப்பிய எல்லையோர ஸலம்பெஸ்ஸாவில் ஒன்றைத்தான் நினைப்பார்கள். அங்கே சாவுச் செய்தியை யாரும் போனில் சொல்வதில்லை. ஆட்கள் கூடி, இருள் பிரியுமுன் வீட்டுக்கு வந்துதான் சொல்வார்கள்.

அந்த ஊர் லெத்தெகிதானின் தம்பி மெப்ராத்து எல்லைக்கு அந்தப் பக்கம், எரித்திரியாவின் செனாஃபேயில் இருந்தான். இரு நாட்டுக்கும் சண்டை மூண்டதிலிருந்து இருபது வருஷமாக ஒரு தகவலும் இல்லை. இரண்டு அரசுகளும் கைகுலுக்கி போன் லைனைத் திறந்ததும், அலைந்து திரிந்து அவன் வீட்டு எண்ணைப் பிடித்தாள். எடுத்தது தம்பி பெண்டாட்டி.

"வயலுக்குப் போயிருக்காரு, மதினி."

அடுத்த முறை சந்தைக்குப் போயிருந்தான். அதற்கடுத்த முறை தூங்கினான்.

"இருபது வருஷம் கழிச்சுக் கூப்பிடறேன், எழுப்ப மாட்டியா?"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டாள்.

"அவன் போயிட்டான். மறைக்கிறா," என்றாள் புருஷன் கிதயிடம்.

"வயலுக்குப் போனவனை எல்லாம் சாகடிக்காத. காப்பிய ஊத்து."

செப்டம்பரில் வரும் எத்தியோப்பியப் புத்தாண்டு அன்று சாலையும் திறந்தது. ஊரே எல்லைக்கு ஓடியது. அவள் போகவில்லை. போனால் யாராவது சொல்லிவிடுவார்களே.

அந்த வாரமே ஒருநாள், இருட்டில் கதவு தட்டும் சத்தம். திறந்தாள். வெள்ளைச் சால்வை, நாலு பேர். முன்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான், மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து, யார் என்று கேட்காமலே ஒப்பாரியில் சேர்ந்துகொண்டார்கள்.

கடைசியாக நின்ற நரைத்த ஆள் அவர்களை விலக்கிக்கொண்டு வந்து, தெரு அதிரக் கேட்டான். "அக்கா, யாரு செத்தது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதே கோணல் பல்.

"நீதாண்டா."

"சத்தமாச் சொல்லு. குண்டு வெடிச்சதுல ரெண்டு காதும் போச்சு."

செருமியவர்தான் விளக்கினார். "போன்ல பேசினா அக்காவுக்குத் தெரிஞ்சுடும்னு பொண்டாட்டியப் பொய் சொல்ல வச்சான். நேர்ல சொல்லிக்கலாம்னு கிளம்பினான், நாங்க துணைக்கு வந்தோம். லாரிக்காரன் இந்த நேரத்துல இறக்கி விட்டுட்டான், குளிருக்குச் சால்வையப் போத்திக்கிட்டோம்."

லெத்தெகிதான் தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பாவி, வெயில் வந்தப்புறம் தட்டியிருக்கக் கூடாதா?"

"கேக்கல," என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

அழ வந்த பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாவது சுற்றுக் காப்பி முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலை அக்காவும் தம்பியும் லாரி ஏறி செனாஃபேக்குப் போனார்கள். எல்லையில் யாரும் நிறுத்தவில்லை.