பல்கேரியாவிலிருந்து நடந்து வந்த நாய்

பல்கேரியாவுக்கு விமானம் ஏறிப் போன செவலை, செவ்வாய்க்கிழமை காலையில் கள்ளிக்குப்பத்துக் குழாயடியில் படுத்திருந்தது. குடத்தை வைக்கக் குனிந்த அருள்மொழி அப்படியே நின்றுவிட்டாள். செவலை நிற நாய்களுக்கு அந்தப் பக்கம் பஞ்சமில்லைதான். ஆனால் இடது காது பாதியில் கிழிந்து, காய்ந்த இலைபோல் மடிந்து தொங்குகிற நாய் ஒன்றுதான் உண்டு. குட்டியாக இருந்தபோது லாரிச் சக்கரத்துக்குக் கீழிருந்து அதை இழுத்துப் போட்டதே அவள்தான். இப்போது அதன் பாதங்களில் தோல் உரிந்திருந்தது. கழுத்தைச் சுற்றி முடி கொட்டி, கயிறு அறுத்த இடம் புண்ணாகிச் சீழ் கட்டியிருந்தது. அது மெல்ல நகர்ந்து வந்து அவள் காலில் தலையை வைத்துக்கொண்டது. நீர் குடத்தை நிறைத்து வழிந்து தெருவில் ஓடியது. அவள் குழாயை மூடவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை அவளுக்கு. வேலை விட்டு வந்ததும் கறிக்கடை எலும்பைப் போட்டுக் குழைய வேகவைத்த சோற்றோடு தெருமுனையில் நின்று "தோ... தோ... தோ..." என்று நீட்டிக் குரல் கொடுப்பாள். ரயில்வே லைன் வரைக்கும் இருக்கிற நாய்கள் எல்லாம் ஓடி வரும். அப்படி ஒரு மாலையில்தான் நிர்மல் என்பவன் கேமராவோடு வந்து நின்றான். டெல்லியில் தெருநாய்களைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு என்று டிவியில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. அவன் குரல் உயர்த்தாமல் பேசினான். நாயைத் தொட்டால் கை கழுவிக்கொண்டே இருந்தான். அதை அவள் சுத்தம் என்று எடுத்துக்கொண்டாள். "இங்க இதுங்களுக்கு இனிமே வாழ்க்கை இல்லக்கா. பல்கேரியாவுல மலையடிவாரத்துல இடம் பார்த்தாச்சு. காப்பகம் கட்டணும், அவ்ளோதான். நீங்க பேசினா ஜனங்க நம்புவாங்க" என்றான்.

அவள் பேசினாள். வாழ்க்கையில் முதல்முறையாக, யாரோ தன் பேச்சைக் கேட்கிறார்கள் என்கிற சந்தோஷத்தில் பேசினாள். நாயைக் கட்டிக்கொண்டு அவள் அழுத வீடியோவை ஊர் உலகமே பார்த்தது. கம்பெனிப் பெண்கள் கொடுத்தார்கள், கோயில் திருவிழாவில் உண்டியல் வைத்தார்கள். மூன்று வீடு தள்ளி இருக்கும் துப்புரவுப் பணியாளர் கெங்கம்மாள் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அதோடு விடவில்லை. நாய் இருந்தால் வீட்டைக் காலி பண்ணு என்று வீட்டுக்காரன் சொல்லிவிட்டதால், செவலையோடு தன் நாய் ராஜாத்தியையும் நிர்மலின் வண்டியில் ஏற்றிவிட்டாள். கல்யாணப் பெண்ணை அனுப்புவதுபோல் அதன் நெற்றியில் மஞ்சள் வைத்து அனுப்பினாள். பிறகு வந்த வீடியோவில் நீலக் கூரை போட்ட வீட்டு வாசலில், வெள்ளை வெளேரென்ற பனியில் செவலையும் ராஜாத்தியும் நின்றன. கெங்கம்மாள் அதைப் பார்க்காத நாள் இல்லை.

குழாயடியிலிருந்து செவலையை வீட்டுக்குள் தூக்கிப் போட்டுவிட்டு அருள்மொழி நிர்மலுக்குப் போன் செய்தாள்.

"செவலையா? அது அங்க சூப்பரா இருக்குக்கா. நேத்துகூடப் பால் குடிச்சுதுன்னு மெசேஜ் வந்துச்சு. நீங்க பார்த்தது வேற நாயா இருக்கும்."

"காது கிழிஞ்சிகீதே நிர்மல்."

 அவனுக்குப் பின்னால் ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரிக்கா. அத வெளிய விட்டுறாதீங்க. யாருக்கும் காட்ட வேணாம். வண்டி அனுப்பறேன்."

வேறு நாய் என்றால் வண்டி எதற்கு? அவள் அதைக் கேட்பதற்குள் இணைப்பு போய்விட்டது. லேத் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் புருஷன் கோவிந்தன் எல்லாவற்றையும் கேட்டபடி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"போலீஸாண்ட போவலாமா?" என்றாள்.

"போலாம். அவன் மூஞ்சி ஒரு வீடியோலயாவது கீதா? எல்லாத்துலயும் நீதான் கீற. மொதல்ல உன்னியதான் உள்ள குந்த வெப்பான்." சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் நாயைப் பார்த்தான். "வண்டி வந்து போற வரைக்கும் இங்க இருக்காத. எங்கனா போ."

பூந்தமல்லி ஹுமாயூன் பாய் ஆட்டோ ஓட்டுகிறவர். நாய்களுக்கென்று சேர்ந்த அரிசி மூட்டைகளை ஒருதரம் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கோடவுனில் இறக்கிவிட்டு வந்தவர். விமானம் ஏற்றும்வரை நாய்களை வைத்திருக்கிற இடம் என்று நிர்மல் சொல்லியிருந்தான். அங்கே போகவேண்டும் என்று அருள்மொழி அழைத்ததும் அவர் ஒன்றும் கேட்காமல் வந்தார். செவலையைக் கோணிப்பையில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டாள். ஆவடி வரைக்கும் அது தூங்கிக்கொண்டே வந்தது. சென்னீர்குப்பம் தாண்டிப் பெங்களூர் ரோட்டில் திரும்பியதும் எழுந்து உட்கார்ந்தது. மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. பிறகு நடுங்க ஆரம்பித்தது. ஆட்டோ அதிர்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள்.

"அன்னிக்கே எனக்கு ஒரு மாதிரிதாம்மா இருந்துச்சு" என்றார் ஹுமாயூன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ்ளோ நாய் இருக்கிற எடம். நான் உள்ள போறேன், ஒன்னுகூடக் கொலைக்கல."

மனை போட்டுக் கல் நட்ட வயல்களுக்கு நடுவே தகரக் கோடவுன் நின்றது. கேட் திறந்துதான் கிடந்தது. உள்ளே கழுவி விட்ட தரையில் பினாயில் நாற்றம், அதற்கும் கீழே வேறொரு நாற்றம். ஒரு ஓரமாகக் கம்பிக் கூண்டுகள், ஒன்றிலும் நாய் இல்லை. கூண்டுக்குள் ஊர் ஜனங்கள் அனுப்பிய அரிசி மூட்டைகளைப் பிரிக்காமலே அடுக்கியிருந்தார்கள். அடுத்த ஓரத்தில் ஒரு நீலக் கூரை. வாசலில் புரியாத எழுத்தில் ஒரு பலகை. பின்னால் மலை வரைந்த துணி தொங்கியது. கீழே தெர்மாகோல் தூள், கணுக்கால் ஆழத்துக்கு. மின்விசிறிக் காற்றில் அது எழும்பி மெல்ல இறங்கியது. யாரோ விசிறியை நிறுத்தாமலே போயிருந்தார்கள்.

பல்கேரியா இவ்வளவுதானா என்று அருள்மொழி நின்று பார்த்தாள். அவள் முகம் ஆளுயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸில் சிரித்துக்கொண்டிருந்தது.

கேட்டருகே மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆளிடம் ஹுமாயூன் விசாரித்தார். "வண்டி வரும், போவும் பாய். முந்தாநாளு ஏரிப் பக்கமா பெருசா ஒன்னு போச்சு. அதுல இன்னா இருந்துச்சுன்னு நான் பாக்கல" என்றான். எல்லாம் பார்த்தவன் முகமாகத்தான் இருந்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு அவன் வேகமாக நகர்ந்துவிட்டான்.

அருள்மொழி கோடவுனுக்குப் பின்னால் போனாள். ஏரிக்கரை வரைக்கும் கருவேலம் புதர். ஒன்றாவது மிச்சமிருக்காதா என்கிற நப்பாசையில், வாயைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள். "தோ... தோ... தோ..."

புதர் அசையவில்லை. ஆட்டோவிலிருந்து ஹுமாயூன் கத்தினார். "கூப்புடாதம்மா! இங்க வந்து பாரு!"

செவலை சீட்டுக்கு அடியில் புகுந்து, உடம்பைச் சுருட்டித் தகரத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. கோணிப்பை நனைந்து, மூத்திரம் ஆட்டோவிலிருந்து சொட்டியது. அவள் கை நீட்டியதும் அதை நக்கியது. சந்தேகத்தில், மிக மெதுவாக, "தோ" என்றாள். அது கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தரையில் அமுக்கியது, அந்தக் குரலுக்கு அடுத்து அடி விழும் என்று தெரிந்த மாதிரி.

செவலையை ஹுமாயூன் தன் வீட்டுக் கொல்லையில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி அவளைக் கள்ளிக்குப்பத்தில் இறக்கிவிட்டுப் போனார். அவள் வீட்டு வாசலில் கெங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து வந்தவள், சீருடைகூட மாற்றவில்லை.

"எங்கடி பூட்ட? ரெண்டு ஆளு வண்டி எடுத்துகினு வந்து உன்னியத் தேடுனாங்க. தெருமுனைல டீ குடிச்சிகினு கீறாங்க" என்றாள். "அத்த வுடு. எம் பொண்ணு ராஜாத்தி வீடியோ புதுசு வந்துகீதாமே, போட்டுக் காட்டு."

அருள்மொழி தெருமுனையைப் பார்த்தாள். வெள்ளை வேன் ஒன்று இந்தப் பக்கம் முகம் காட்டி நின்றது. போனை எடுத்தாள். புது வீடியோவில் நீலக் கூரை, வெண்பனி, நடுவே ராஜாத்தி. எப்போதும் வீடியோவில் வரும் பாட்டைக் கேட்டுவிட்டு மூடிவிடுவாள். இன்று காதருகே வைத்துக் கேட்டாள். பாட்டுக்கு அடியில், தூரத்தில், ஒரு பெண் குரல். வீடியோ எடுக்க வந்தபோது தனியாக மைக் வைத்து நிர்மல் பதிவுசெய்துகொண்டு போன அவளுடைய குரல். "தோ... தோ..." ஒவ்வொரு தடவையும் ராஜாத்தி வாலைக் கால்களுக்கிடையே இடுக்கித் தலையைக் கவிழ்த்தது.

கெங்கம்மாள் போனை வாங்கி, மூக்குக்கண்ணாடியை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள்.

"வெக்கப்படுது பாரேன், கள்ளி" என்று சிரித்தாள்.

"அக்கா" என்றாள் அருள்மொழி. "அது பாரின் இல்லக்கா."

கெங்கம்மாள் நிமிரவில்லை. சிரிப்பு மட்டும் உதட்டில் அப்படியே நின்றது. தெருமுனையில் வேன் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. வீடியோ முடிந்து, தானாக முதலிலிருந்து ஓடத் தொடங்க, ராஜாத்தியின் முதுகில் மறுபடியும் பனி விழுந்தது.