வெதூரியா சுமந்த சதை

ஓல்ட் என்னும் ஆற்றின் கரையிலிருந்த ஊரின் புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிகள் இழந்த சதை எங்கும் தொலைந்துபோகவில்லை. அவர்களை அளந்த வெதூரியாவின் உடம்பில் வந்து ஏறிக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்தபோது ஐம்பத்தாறு கிலோ இருந்தவள் பதினோரு ஆண்டுகளில் தொண்ணூற்றெட்டு ஆனாள். மருத்துவமனை அவளுக்கு மூன்று முறை பெரிய அங்கி தைத்துக் கொடுத்தது, வேறொன்றும் கேட்கவில்லை. படுத்திருப்பவரின் கையிலும் காலிலும் கம்பி ஒட்டி, உடம்புக்கே தெரியாத அளவு மின்சாரம் விடுவது அவள் வேலை. கருவி தசை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லி, கடைசியில் உடம்பில் எவ்வளவு வலு மிச்சம் என்பதை ஒரு கோணமாகக் காட்டும். அது ஐந்தைத் தாண்டினால் மருத்துவர்கள் அடுத்த கோடையைப் பற்றிப் பேசுவார்கள். நான்குக்குக் கீழே போனால் உறவினரைத் தாழ்வாரத்துக்கு அழைப்பார்கள்.

ஒரு ஜனவரியில் வெதூரியாவின் கெண்டைக்கால் தடிக்கத் தொடங்கியது. யாருடையது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இலையுதிர்காலத்திலிருந்து அவளிடம் அளவெடுக்க வந்துகொண்டிருந்த அக்கா ஜம்ஃபிராவின் கால் அது. சின்ன வயதில் அந்தக் காலிடம் அவள் வாங்காத உதையில்லை. கருவியும் மூன்று புள்ளி ஆறு என்றது. இந்த முறை தாழ்வாரத்துக்குப் போக வேண்டிய உறவு வெதூரியா ஒருத்திதான். அவளுக்கும் அக்காவை விட்டால் ஆளில்லை.

ஜம்ஃபிரா அழவில்லை. அந்தப் பக்கத்து வழக்கப்படி, உயிரோடிருக்கும்போதே தன் கருமாதி விருந்தைத் தானே வைத்தாள். கோஸ் இலையில் சுருட்டிய பன்றிக்கறி, இனிப்புக் கோதுமை, ஆளுக்கொரு வட்ட ரொட்டி, அதன்மேல் எரியும் மெழுகுவத்தி. வாங்குகிறவர் "கடவுள் ஏத்துக்கட்டும்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெதூரியாவின் கை நீளவில்லை.

"வாங்குடி. என் சதையையே வாங்கிக்கிட்ட, ரொட்டி மட்டும் கசக்குதா?"

வெதூரியாவுக்குப் பதினோரு ஆண்டுக் களைப்பும் ஒரே நேரத்தில் வந்தது. ரொட்டியை வாங்கி, அப்படியே அக்கா கையில் திணித்தாள்.

"என்னால முடியலக்கா. உன்னையும் தூக்கிக்கிட்டு என்னால நடக்க முடியாது. நீயே வச்சுக்கோ."

வாங்கிய தானத்தைத் திருப்பித் தருவது அங்கே யாரும் செய்யாத காரியம். பெண்கள் அவசரமாகச் சிலுவைக்குறி போட்டார்கள். "பாவி, என் சாவையும் கெடுத்துட்டியே!" என்று திட்டிய ஜம்ஃபிராவுக்கு, மூன்று மாதத்தில் முதல்முறையாகப் பசித்தது. நின்றவாக்கிலேயே ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள்.

திங்கட்கிழமை கோணம் ஐந்து புள்ளி ஒன்று. வெதூரியாவிடம் ஆறு கிலோ குறைந்திருந்தது. மருத்துவர் கருவியைப் பழுதுபார்க்க அனுப்பினார். அது போய்வந்து அதே எண்ணைக் காட்டியது. ஜம்ஃபிரா அதன்பின் ஏழு பிளம் அறுவடை பார்த்தாள், ஒன்றில்கூடத் தங்கையைத் திட்டாமலிருக்கவில்லை.

அதுமுதல் நோயாளிகள் ரொட்டியோடுதான் அளக்க வருகிறார்கள். வெதூரியா வாங்கித் திருப்பித் தருகிறாள். சிலருக்குச் சதை திரும்புகிறது, சிலருக்கு நேரம் கடந்திருக்கிறது. முன்பே போய்விட்டவர்களின் முப்பத்தாறு கிலோவைத் திரும்ப வாங்க ஆளில்லாததால் அது அவளிடமே இருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்ததும் அவர்களைச் சுமந்தபடி மருத்துவமனைப் படிகளில் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்குகிறாள். அவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள்.