ஏஜெண்டு வீட்டு ஒப்பாரி

“அத்தே, வெயிலு ஏறுது. கொல்லப்பக்கம் நெழலு கெடக்கு, அங்கிட்டுப் போயி உக்காருங்களேன்” என்று சொல்லிக்கொண்டே கற்பகவல்லி வள்ளித்தாயின் முழங்கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள்.

வள்ளித்தாய் அசையவில்லை. ஐஸ் பெட்டிக்குள் கிடந்த உக்கிரபாண்டியின் கால்மாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பட்டாசு கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அத்தனை பேரும் பந்தலை அடைத்துக்கொண்டு இருந்தார்கள். எல்லாருமே உக்கிரபாண்டியின் வேனில் போய் வருகிறவர்கள்.

“வெயிலு எங்களுக்கு என்ன புதுசா தாயி? ஏசண்டு அண்ணாச்சியத் தனியா விட்டுட்டு நெழலத் தேடிப் போகச் சொல்றியே” என்றாள் வள்ளித்தாய். அழுது அழுது அவள் தொண்டை கட்டியிருந்தது.

கற்பகவல்லி தெருமுனையை எட்டிப் பார்த்தாள். சிவகாசியிலிருந்து முதலாளி சீனிவாசகம் கிளம்பிவிட்டார் என்று சற்று முன்னால்தான் போன் வந்தது. அவருடைய கார் வந்து நிற்பதற்குள் இந்தப் பெண்களைக் கண்காணாத இடத்துக்கு நகர்த்த வேண்டும். அப்பா உயிரோடு இருந்தால் அவரே இதைச் செய்திருப்பார். அவர் தொழிலே அதுதான்.

உக்கிரபாண்டி கம்பெனிக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டு. விடியுமுன் வேன் கிளம்பும். சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு விஸ்வநத்தத்துக் கம்பெனி கேட்டுக்குள் கொண்டுபோய் இறக்கும். பொழுது சாய்ந்தால் திருப்பிக் கொண்டுவந்து விடும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கம்பெனி கொடுப்பது அறுநூறு ரூபாய். அது உக்கிரபாண்டி கைக்கு வரும். அவர் கையிலிருந்து பெண்களுக்குப் போவது நானூறு. “கம்பெனிக்காரன் குடுக்கிறது அம்புட்டுத்தான் ஆத்தா, எனக்கு மாசக் கடைசியில ஏதோ கமிஷன்னு போட்டுக் குடுப்பாக” என்று பெண்களிடம் சொல்லி வைத்திருந்தார். “வேனு செலவு போக எனக்கு ஆளுக்கு அம்பது ரூவா நிக்கும் மொதலாளி, மிச்சம் பூராம் அதுகளுக்குத்தான்” என்று கம்பெனியில் சொல்லி வைத்திருந்தார். இரண்டு பக்கமும் பல்லைக் காட்டிச் சிரித்தபடியே இத்தனை வருசத்தை ஓட்டிவிட்டார். அந்தப் பெண்களும் முதலாளியும் நேருக்கு நேர் நின்று பேசிவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

கம்பெனிக்கு பில் போடுவது கற்பகவல்லி. அதனால் அவளுக்கு எல்லாம் தெரியும். ஒருமுறை கேட்டும் இருக்கிறாள். “வேனு டியூவ ஒம் மாமனாரா கட்டுவாரு?” என்று அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை. அவள் கல்யாணத்துக்குப் போட்ட நகையும் அந்த இருநூறில்தானே வந்தது?

நேற்றுச் சாயங்காலம் பெண்களை இறக்கிவிட்டு, வேன் கதவைப் பிடித்தபடி நின்றவர் அப்படியே சரிந்து உட்கார்ந்திருக்கிறார். டிரைவர் சோலைமலை ஓடிவந்து தூக்கியபோது உயிர் இல்லை. கடைசியாக அவர் வாயிலிருந்து வந்தது, தினமும் சொல்லுகிற பேச்சுதானாம்: “ஏட்டி, கடைசியா எறங்குறவ கதவச் சாத்துங்கடி, தூசி அடையுதுல்ல.”

“கற்பகம், அதுகள எதுக்கு வெரட்டுத?” என்றாள் உள்ளேயிருந்து வந்த அம்மா முத்துமாரியம்மாள். “ஒங்க அப்பா மேல அம்புட்டுப் பிரியமா வந்திருக்குதுக. அழுதுட்டுப் போகட்டும்.”

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலிருப்பது எத்தனை சுகம் என்று கற்பகவல்லிக்கு அப்போது எரிச்சலாக வந்தது.

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் வெள்ளைக் கார் திரும்பியது.

சீனிவாசகம் ரோஜா மாலையோடு இறங்கினார். கூட்டம் விலகி வழிவிட்டது. பெட்டிமேல் மாலையை வைத்து ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார். அந்த மனிதர் உண்மையிலேயே கலங்கித்தான் இருந்தார். “நல்ல மனுசன்மா. சீசன்ல ஆள் இல்லேன்னு ஒருநாள் என்னைத் தவிக்க விட்டதில்ல” என்று முத்துமாரியம்மாளிடம் சொன்னார். சோலைமலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து, நேராகக் கொண்டுவந்து பெண்களுக்குப் பக்கத்திலேயே போட்டான். அவனைக் கொன்றுவிடலாமா என்றிருந்தது கற்பகவல்லிக்கு.

பெரிய மனிதர் வந்து உட்கார்ந்ததும் இழவு வீட்டுப் பெண்கள் சும்மா இருக்க மாட்டார்கள். செத்தவரின் பெருமையை அவர் காதில் போட வேண்டுமே! வள்ளித்தாய் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளின் தோளில் கையைப் போட்டாள். பெண்கள் வட்டம் கட்டிக்கொண்டார்கள். ஒப்பாரி சொல்ல அந்தப் பக்கத்தில் வள்ளித்தாயை அடிக்க ஆள் கிடையாது.

“மதுர ஆசுபத்திரிக்கு
மடியில ஏந்திப் போனவரே!
கையி வெந்த வேளையில
காவ காத்து நின்னவரே!”

அது பொய்யில்லை. போன வருசம் பட்டாசு மருந்து தீப்பற்றி அவள் கை வெந்தபோது, உக்கிரபாண்டிதான் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு மதுரைக்குப் பறந்தார். கட்டு அவிழ்க்கிற வரைக்கும் போய் வந்துகொண்டிருந்தார். அடுத்த அடியைக் கேட்டதும் கற்பகவல்லி சட்டென்று முதலாளியின் பக்கம் திரும்பினாள்.

“சனிக்கெழம பொழுதடைய
சாமிபோல வந்தவரே!
நாளுக்கு நானூறுன்னு
நயமாத் தந்த மகராசா!”

“மகராசா!” என்று எல்லாப் பெண்களும் ஒரே குரலில் வாங்கிப் பாடினார்கள். மார்பில் அடித்துக்கொண்டார்கள்.

சீனிவாசகம் கர்ச்சீப்பைக் கண்ணிலிருந்து எடுத்தார். ஒப்பாரியில் வைத்துச் சொன்ன சொல்லுக்கு அந்த ஊர்ப்பக்கம் யாரும் எதிர்ப்பேச்சு பேசுவதில்லை. மாமியார் செய்த கொடுமை, பங்காளி தின்ற நிலம் எல்லாம் இழவு வீட்டில் ராகத்தோடு வெளியே வந்துவிடும். சம்பந்தப்பட்டவர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் வள்ளித்தாய் யாரையும் குத்திப் பாடவில்லை. மனசாரப் புகழ்ந்தாள். அதைத்தான் கற்பகவல்லியால் தாங்க முடியவில்லை.

முதலாளி எழுந்து காரை நோக்கி நடந்தார். கண்ணாலேயே அவளைக் கூப்பிட்டார்.

“நானூறுதானா குடுத்தாரு ஒங்கப்பா?”

“டீசலு, டிரைவர் சம்பளம், வேனு டியூ எல்லாம் அதுலதான் மொதலாளி” என்றாள் கற்பகவல்லி. “நல்லது பொல்லதுக்கும் அவுகதான் பாத்தாக.”

அவர் கோபப்படுவார், திட்டுவார் என்று நினைத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை. மனசுக்குள் கணக்குப் போடுகிறவரைப் போல எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது லாபம் வருகிற கணக்கு என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“நீ பயப்படாதம்மா. செத்தவர நான் குத்தம் சொல்ல வரல. கெட்டிக்காரரு, பொழச்சாரு” என்றார் மெதுவாக. “இனி கம்பெனி வேனு நானே விட்டுக்கிடுதேன். நானூத்தம்பதுன்னு சொன்னா அதுகளும் சந்தோசமா வரும். ஏஜெண்டே கொடுக்காதத மொதலாளி கொடுக்காருன்னு கும்புடும். நீ கூட வந்து ஆள் கணக்கு மட்டும் பாத்துக்க. ஆளுக்கு முப்பது ரூவா ஒங் கைக்கு வந்துரும். ஒங்க வேனையும் நானே வெலைக்கு எடுத்துக்கிடுதேன், டியூக் கவல ஒனக்கு வேண்டாம்.”

அவள் பந்தலைத் திரும்பிப் பார்த்தாள்.

“கம்பெனி குடுத்த பழைய ரேட்டு எம்புட்டுன்னு யாரும் வாயத் தெறக்க வேண்டாம். அது வெளிய வந்தா ஒங்கப்பா பேருல்ல கெட்டுப்போகும்? நானாச் சொல்ல மாட்டேன்.”

எவ்வளவு பதமாகப் பேசுகிறார் இந்த மனிதர்! அப்பா இருநூறு எடுத்தார். இவர் வேன் செலவு போக அதில் மிச்சத்தைத் தன் கல்லாப்பெட்டிக்குள் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார், அதுவும் அப்பாவின் பிணத்தைக் காவலுக்கு வைத்து. கற்பகவல்லிக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் அப்பா மேலும் வந்தது. ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாரே. யோசித்துச் சொல்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டுப் பந்தலுக்குத் திரும்பினாள். ஆட்டிய தலைக்காக வெட்கப்பட்டாள்.

“பெத்த மக இன்னும் ஒரு சொல்லு சொல்லி அழல பாரு” என்று யாரோ முணுமுணுத்தார்கள். உண்மைதான். நேற்றிலிருந்து அவள் ஆட்களை வரவேற்பதும் அனுப்புவதுமாகவே இருந்தாள்.

“வா தாயி” என்று வள்ளித்தாய் கை நீட்டி இழுத்தாள். அந்தக் கையின் வெந்த தோல் வழவழவென்று அவள் கழுத்தில் சுற்றியது. வட்டத்துக்குள் வியர்வையும் பூவும் கலந்து நாறியது. தலையோடு தலை முட்ட எல்லாரும் குனிந்தார்கள். “சொல்லு தாயி. அய்யாவ நெனச்சுச் சொல்லு. நாங்க வாங்கிக்கிடுதோம்.”

முதலாளியின் கார் இன்னும் கிளம்பவில்லை. அவர் முத்துமாரியம்மாளிடம் ஆறுதலாக இன்னொரு வார்த்தை சொல்ல வந்து பந்தல்காலோரம் நின்றிருந்தார்.

கற்பகவல்லி வாயைத் திறந்தாள். முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது.

“என்னப் பெத்த அய்யாவே...
என்ன ஆளாக்குன அய்யாவே...”

“அய்யாவே!” என்று பெண்கள் வாங்கினார்கள். அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அப்பாவை நினைத்துத்தான் அழுதாள், அதில் கலப்படம் இல்லை. அழுகையோடு அழுகையாக அதுவும் வந்தது.

“ஆளுக்கு அறுநூறு
அங்கன வாங்கி வந்தீகளே!
நானூறத் தந்துபுட்டு
நாலு பேரக் காத்தீகளே!
மிச்சம் எங்கன்னு கேக்குமுன்ன
மூச்ச விட்டுப் போனீகளே!”

பாதிப் பேர் பழக்கத்தில் “போனீகளே!” என்று வாங்கிப் பாடிவிட்டார்கள். பாடின பிறகுதான் என்ன பாடினோம் என்று தெரிந்தது. ஒவ்வொரு குரலாக நின்றது. மார்பில் அடித்த கைகள் அங்கங்கே தங்கிவிட்டன. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்தாள்.

“அறுநூறா?” வள்ளித்தாய் அவள் காதுக்குள் கேட்டாள். கழுத்தைச் சுற்றின கையை இன்னும் எடுக்கவில்லை.

“ஆமா அத்தே.”

“எம்புட்டு நாளா?”

கற்பகவல்லி ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். கழுத்திலிருந்து கை மெல்லக் கழன்றது. வள்ளித்தாய் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பந்தல்காலோரம் நின்ற முதலாளியின் முன்னால் போய் நின்றாள். இத்தனை வருசத்தில் அவர் முகத்தை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

“மொதலாளி, திங்கக்கெழம நாங்க எல்லாரும் ஒங்ககிட்ட வாரோம்.”

“எளவு வீட்டுலயாம்மா ரேட்டு பேசுறது?” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

“இங்கன பேசல. அங்கன வந்து பேசுதோம்.”

அவர் ஏதோ சொல்ல வந்தார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டுக் காரில் ஏறினார். போகும்போது கற்பகவல்லியை ஒரு பார்வை பார்த்தார். முப்பது ரூபாயும் வேன் விலையும் அந்தக் காரோடேயே போயின.

உச்சி வெயிலில் பாடையைத் தூக்கினார்கள். ஆம்பிளைகள் எல்லாம் சுடுகாட்டுக்குப் போய்விட்டார்கள், வேனை ஓட்டுகிற சோலைமலையும் சேர்த்து. பாடை போன பிறகு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “சீவன் போனவுகளுக்கு ஒரு நாளு பொறுக்க முடியலையாடி ஒனக்கு?” பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

பிணம் எடுத்த வீட்டைக் கழுவ வேண்டும். கற்பகவல்லி வாளியும் விளக்குமாறுமாக வாசலுக்கு வந்தபோது பெண்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். துட்டி வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொண்டு போவது வழக்கமில்லை. அதனால்தான் பேசாமல் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள்.

சோலைமலை வரும்வரை இருந்தால் வேனில் போகலாம். யாரும் இருக்கவில்லை. காலையில் அவர்கள் இறங்கின வேன் தெருவோரத்தில் கதவு திறந்தபடி நின்றது. அதைத் தாண்டி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, மெயின்ரோட்டு பஸ்ஸுக்கு வரிசையாக நடந்தார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் போனவள் வள்ளித்தாய். வேனைத் தாண்டிப் போனவள் நின்றாள். திரும்பி வந்தாள். வெந்த கையால் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, மற்றவர்களை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தாள்.