எழுபத்திரண்டு கிலோ சேர்மன்

சேர்மனின் எடை எழுபத்திரண்டு கிலோ. கம்பெனிக் கோப்பில் அப்படித்தான் இருந்தது. அவர் பதவிக்கு வந்த புதிதில் யாரோ எழுதியது. பதினாறு வருடத்தில் கம்பெனி வளர்ந்தது, சேர்மனும் வளர்ந்தார். அந்த எண்ணில் கை வைக்க மட்டும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஆய்வுக்கு வந்த தொழிலாளிகளின் கூடாரங்களைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு மலைக் கல்மேட்டில் சுரங்கத்துக்கு இடம் பார்த்துவிட்டு அவர் கிளம்பும்போது உச்சி வெயில். காலைக் குளிரில் சமாளித்து ஏறிவந்த சின்ன ஹெலிகாப்டருக்கு, சூடேறிய மலைக்காற்றில் அதே எடையைத் தூக்க மூச்சு வாங்கும். பைலட் எடைக் கணக்குத் தாளை மறுபடி எடுத்தாள்.

"சாரோட வெயிட் சரியா எவ்வளவு?" என்று பி.ஏ.விடம் கேட்டாள்.

"எழுபத்திரெண்டு மேடம்."

"மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க."

"ஃபைலத் தொட்டுச் சொல்றேன், போதுமா?"

முன் இருக்கையில் சேர்மனின் பெல்ட்டை இரண்டு பேர் இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பைலட் அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, மரியாதை கருதி எழுபத்திரண்டு என்றே எழுதினாள்.

ஹெலிகாப்டருக்கு மரியாதை தெரியவில்லை. முழங்கால் உயரம் எழும்பியது, யோசித்தது, எச்சரிக்கை மணி அலற அலறக் கீழே இறங்கியது. இடது பக்கத்து இரும்புக்கால் பாறையில் தட்டியது. அவ்வளவுதான், பக்கவாட்டில் படுத்துவிட்டது. மேலிருந்த விசிறி தரையை அறைந்து துண்டு துண்டாகப் பறந்தது.

சேர்மனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. கட்டு மட்டும் தோள்வரை போட்டார்கள். கூடாரத்தில் உட்கார்ந்து அவரே அறிக்கை சொல்ல, பி.ஏ. எழுதினார். பைலட்டை இடிபாட்டிலிருந்து சேர்மன் இழுத்துக் காப்பாற்றினார் என்று முதல் வரி. உண்மையில் இழுத்தவள் பைலட். விபத்துக்குக் காரணம் அவளுடைய கவனக்குறைவு என்று இரண்டாம் வரி.

"கையெழுத்துப் போடும்மா. கொஞ்ச நாள் வீட்டுல ரெஸ்ட் எடு."

"இதுல போட்டா என் லைசென்ஸே போயிடும் சார். பதினொரு வருஷம் ஓட்டியிருக்கேன்."

"தப்பு உன்னுதுதானே?"

"ஆமா சார். நீங்க சொன்ன எடைய அப்படியே எழுதினது என் தப்புதான்."

"நான் எங்கம்மா சொன்னேன்? ஃபைல் சொல்லுச்சு!"

அதற்குள் மீட்க வந்த ஹெலிகாப்டர் இறங்கியது. அதுவும் அதே அளவு. மேகம் இறங்கிக்கொண்டிருந்ததால் இஞ்சினை நிறுத்தாமலே அதன் பைலட் தலையை நீட்டிக் கத்தினார்: "வெயிட் சொல்லுங்க!"

"எழுபத்திரெண்டு!" என்றார் பி.ஏ.

"அவ்வளவுதானா? அப்போ டெஸ்ட்டுக்குப் போற அந்தக் கல்லு சாம்பிள் பெட்டி ரெண்டையும் பின்னாடி ஏத்துங்கப்பா!"

பெட்டிகள் ஏறின. ஏறிய ஒவ்வொன்றுக்கும் சேர்மன் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"ஏன் தங்கச்சி, எழுபத்திரெண்டு சரிதானே?" என்று வந்த பைலட் அவளிடம் கேட்டார்.

"ஃபைல்ல அப்படித்தாண்ணே இருக்கு," என்றாள் அவள்.

விழுந்து கிடந்த ஹெலிகாப்டரைச் சேர்மன் பார்த்தார். "தொண்ணூத்தி அஞ்சு," என்றார்.

"என்ன? கேக்கல சார்!"

"தொண்ணூத்தி ஒம்போது!"

"இன்னும் சத்தமா!"

"நூத்தி நாலுய்யா! நூத்தி நாலு! ஷூவோட!"

கூடாரங்களிலிருந்து தொழிலாளிகள் எட்டிப் பார்த்தார்கள். பெட்டிகள் மளமளவென்று இறங்கின. வந்த பைலட் நூற்று நான்கு என்று தாளில் எழுதி, சேர்மனிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கினார்.

"அண்ணே, விசாரணைக்கு ஆகும். அதுல ஒரு நகல் குடுங்க," என்று கையை நீட்டினாள் அவள்.