குடிமகனும் வாலாஜாபாத் கிராப்பும்

"அப்பா, குடிமகன்னா யாருப்பா?"

நாலாம் வகுப்பு வேல்விழி இதைக் கேட்டபோது, அவள் அப்பா தளவாய் ஒரு காலில் ஷூவும் மறுகாலில் வெறும் சாக்ஸுமாக நின்றுகொண்டிருந்தார். ஒரகடம் போகும் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டது. அவசரத்தில் இருப்பவன் வாயில் அவன் ஊர்ப் பேச்சுதான் முதலில் வரும்.

"முடி வெட்டுறவரு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அவர் பொய் சொல்லவில்லை. தாமிரபரணிக் கரையில் அவர் பிறந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னால் நின்று, அறுப்புக் காலத்தில் களத்துக்கு வந்து நெல் வாங்கிப் போகிறவர் எவரோ அவர் குடிமகன். எல்லாக் குடிகளுக்கும் பொதுவானவர். சாயங்காலம் வேல்விழி விடாமல் நச்சரித்ததால் இந்த விவரங்களையும் சொல்லிவைத்தார்.

மூன்றாம் நாள் நோட்டு வீட்டுக்கு வந்தது. 'குடிமகனின் கடமைகள் யாவை?' என்ற கேள்விக்கு வேல்விழி முத்து முத்தாக எழுதியிருந்தாள்: 'குடிமகன் வீடு வீடாகச் சென்று முடி வெட்ட வேண்டும். மாப்பிள்ளைக்குச் சவரம் செய்ய வேண்டும். கீழே விழுந்த முடியை ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும்.'

அதன் கீழே மெர்சி டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'இன்னொரு மாணவன், தினமும் சாயங்காலம் கடைக்குப் போய்த் தள்ளாடி வருகிறவர் என்று எழுதியிருக்கிறான். பெற்றோர்கள் தயவுசெய்து பாடப்புத்தகத்தை ஒருமுறை படிக்கவும்.'

தளவாயின் மனைவி சுகப்பிரியா ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பாகம் பூட்டும் லைனில் வேலை பார்ப்பவள். எட்டு மணி நேரம் பேசாமல் நின்ற வாய்க்கு வீட்டுக்கு வந்ததும் ஏதாவது வேண்டும். நோட்டைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்: "தெக்க முடி வெட்டுறவரு, பிள்ளைப்பாக்கத்துல தண்ணி போடுறவரு, புஸ்தகத்துல ஓட்டு போடுறவரு. இதுல நீங்க எதுங்க?"

தளவாய்க்கு முடி வெட்டத் தெரியாது, குடிக்கும் பழக்கம் கிடையாது. மூன்றாவதிலும் அந்த வாரம் அவருக்கு இடம் இல்லாமல் போயிருந்தது.

நடந்தது இதுதான். ஊரில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்தவரிடம் தளவாயின் அண்ணன், "தம்பி மெட்ராசுக்குப் போய் ரெண்டு வருசமாச்சு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். உடனே அங்கே தளவாயின் பேரை அடித்துவிட்டார்கள். இங்கே பிள்ளைப்பாக்கத்தில் பேர் சேர்க்க மனுக் கொடுத்திருந்தார். ஆனால் விசாரிக்க வந்தபோதெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் ஷிப்டில் இருந்தார்கள்.

"மூணு வாட்டி வந்தேன் சார்" என்றாள் சந்திரலேகா. அங்கன்வாடிப் பணியாளர். பட்டியல் வேலையும் அவள் தலையில்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்களை வீட்டிலேயே பிடித்துவிட்டாள். "மூணு வாட்டியும் பூட்டுதான் தொங்கினு கீது. பூட்டுக்கு ஓட்டு கெடையாது சார்."

"இப்பதான் பாத்துட்டீங்களே, மேடம்."

"நான் பாத்தா போதாது. இந்த ஊரு லிஸ்ட்ல பேரு கீறவங்க யாராச்சும், இவரு இங்கதான் குடியிருக்காருன்னு எழுதிக் கையெழுத்து போடட்டும். வியாழக்கிழமை பேப்பரு என் கையில இருக்கணும். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

தளவாய் வீட்டுக்கார ஜெபகுமாரிடம் போனார். ஜெபகுமார் நல்ல மனிதர், கிறிஸ்துமஸுக்குக் குடியிருப்பவர்கள் எல்லாருக்கும் கேக் கொடுப்பவர்.

"கையெழுத்து மட்டும் கேக்காத சார்" என்றார். "வூடு இன்னும் பாகம் பிரிக்கல. வாடகைக்கு வுட்டதே என் தங்கச்சிக்குத் தெரியாது. வேற இன்னா வேணும்னாலும் கேளு."

"தண்ணி மோட்டாரச் சரி பண்ணிக் குடுங்களேன்."

"அதையும் கேக்காத."

ஊரில் 'தளவாய் வீடு' என்றால் வழி தெரியாத பஸ் கண்டக்டர் கிடையாது. அங்கே அவரை அடித்துவிட்டார்கள், இங்கே எழுத மாட்டேன் என்கிறார்கள். நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டில் ஒரு மனிதன் எந்த ஊர்க் கணக்கிலும் இல்லாமல் போவது இவ்வளவு சுலபமா?

சந்திரலேகாதான் போகிறபோக்கில் சொன்னாள்: "நம்ம கொம்பையா அண்ணன் கீறாரே சார், சலூன் கடை. அவரும் உங்க பக்கத்து ஆளுதான். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அவருதான் சாட்சிக் கையெழுத்து. கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டாரு."

அந்தப் பேரைக் கேட்டதும் சுகப்பிரியா சிரிப்பை அடக்க உள்ளே போய்விட்டாள்.

கொம்பையா, தளவாய் ஊரின் குடிமகனுடைய மகன். பதினைந்து வருஷத்துக்கு முன்பே இங்கே வந்து கடை போட்டுவிட்டார். பிள்ளைப்பாக்கத்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் 'அண்ணன்'. தளவாயை விடப் பத்து வயது மூத்தவர். ஆனால் ஊரில் தளவாய் அவரை, கால்சட்டை போட்ட காலத்திலிருந்தே, "ஏலே கொம்பையா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அதுதான் அங்கே வழக்கம். அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் ஊரே அடிக்கும். அதை விட்டு மரியாதையாகக் கூப்பிடலாம் என்றாலோ நாக்கு புரள மறுத்தது. ஆகவே தளவாய் இரண்டு வருஷமாக முடி வெட்டிக்கொள்ள பஸ் ஏறி வாலாஜாபாத் போய்க்கொண்டிருந்தார். இந்த நாட்டில் மரியாதைக்குப் பயந்து இவ்வளவு பஸ் டிக்கெட் எடுத்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

புதன்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும், வேறு வழியில்லாமல் கிளம்பினார். பள்ளிக்கு அன்று விடுமுறை என்பதால் துணைக்கு வேல்விழியைக் கூட்டிக்கொண்டார். குழந்தை பக்கத்தில் இருந்தால் பெரியவர்களின் சங்கடம் பாதியாகும் என்பது அவர் கணக்கு.

மத்தியான வெயிலில் கடையில் ஆளில்லை. கொம்பையா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தளவாயைப் பார்த்ததும் அவர் உடம்பு பழைய பழக்கத்தில் பாதி எழுந்தது. அப்புறம் கடை தன்னுடையது என்ற நினைப்பு வந்து பாதி இறங்கியது.

தளவாய் வாசலில் நின்றபடி சொன்னார்: "கடை தொறந்திருக்கு போல."

"தொறந்துதான் இருக்கு. வெயில்ல நிக்க வேண்டாம்."

"சாப்பாடு ஆச்சா?"

"ஆச்சு. அங்க?"

"ஆச்சு."

நீ என்றும் சொல்லாமல் நீங்கள் என்றும் சொல்லாமல் தமிழில் எவ்வளவு நேரம் பேச முடியும் என்று யாராவது பந்தயம் வைத்திருந்தால், அன்றைக்கு இரண்டு பேருக்கும் சமமாகப் பரிசு கொடுத்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் மழை, கம்பெனி, ஊர்க் கோயில் கொடைத் திருவிழா எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள். அதில் ஒரு இடத்திலும் எதிரே மனிதன் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கொம்பையாவின் கண் தளவாயின் பிடரிக்குப் போனது. தொழில்காரர் பொறுக்க மாட்டார். "இது எங்க வெட்டுனது?"

"வாலாஜாபாத்."

"மாடிக்குப் படி கட்டியில்லா வச்சிருக்கான். உக்காந்தா பத்து நிமிசத்துல சரி பண்ணிரலாம்."

தளவாய் உட்கார்ந்தார். கத்தரி பேச ஆரம்பித்தது. கத்தரிச் சத்தத்தின் தைரியத்தில் அவர் விஷயத்தையும் சொன்னார்: "ஒரு கையெழுத்து வேண்டியிருக்கு."

"யாருக்கு?"

"இங்க குடியிருக்கிற ஒருத்தருக்கு."

கொம்பையா கண்ணாடியில் அவரைப் பார்த்தார். தளவாயும் கண்ணாடியைப் பார்த்தார். ஆனால் அவருக்கு அதில் வேறொரு முற்றம் தெரிந்தது. அவருக்குப் பத்து வயது. கொம்பையாவின் அப்பா முற்றத்தில் குந்தி அவருக்கு முடி வெட்டிவிட்டு, விழுந்ததை எல்லாம் துணியில் வாரிக்கொண்டிருந்தார். ஒரு கொத்து விடுபட்டிருந்தது. பையன் தளவாய் அதைக் கால் பெருவிரலால் காட்டி, "அங்க ஒண்ணு கெடக்குலே, எடு" என்றான். அறுபது வயது மனிதர் குனிந்து, விரலுக்கு அருகிலிருந்து எடுத்தார். சுவரோரம் நின்று ஒரு இளைஞன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இளைஞனின் கத்தரிதான் இப்போது அவர் காதோரம் இருந்தது.

இந்தக் கையெழுத்து கிடைக்காது என்று தளவாய் முடிவு கட்டினார். கிடைக்காமல் போவதுதான் நியாயம் என்றும் தோன்றியது.

அந்த நேரம் பார்த்துத்தான், பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்த வேல்விழி கேட்டாள்: "மாமா, நீங்கதான் எங்க ஊரு குடிமகனா?"

கத்தரி நின்றது. தளவாய்க்குப் போர்த்தியிருந்த துணிக்குள் வியர்த்தது. துணியோடு எழுந்து ஒரகடத்துக்கே ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார்.

கொம்பையா கத்தரியை வைத்தார். சட்டைப் பையிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"ஆமா தாயி. நான் குடிமகன்தான். பட்டியல்ல வரிசை எண் நானூத்திப் பன்னெண்டு, வேணும்னா பாத்துக்கோ. ஒங்க அப்பாதான் இன்னும் ஆகல."

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். வயிறு குலுங்கிய சிரிப்பு. வேல்விழியும் சிரித்தாள். தளவாய் எப்போது சிரிக்க ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியாது. கழுத்தில் ஒட்டியிருந்த முடி குத்தும் அளவுக்குச் சிரித்தார்.

"அப்ப எங்க அப்பாவும் முடி வெட்டணுமா?"

"வேண்டாம் தாயி, ஊரு தாங்காது." கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க அப்பாவ ஊருக்கே மகன்னு சொல்லுவாங்க. ஆனா ஒரு வீட்டுலயும் நடைய தாண்ட விட்டதில்ல. பிறகு எவனோ ஒரு புண்ணியவான் அந்தச் சொல்ல எடுத்து, எல்லார் கழுத்துலயும் மாட்டி விட்டுட்டான். இப்ப கலெக்டரும் குடிமகன், சந்திரலேகா டீச்சரும் குடிமகன். எங்க அப்பா பேருல்லா ஜெயிச்சிருக்கு."

பிடரியை முடித்து, போர்த்தியிருந்த துணியை உதறி எடுத்துவிட்டு, தளவாய் கொண்டுவந்த பேப்பரை வாங்கினார். பெஞ்சில் வைத்து, நாக்கை லேசாக நீட்டிக்கொண்டு எழுதினார். எழுதி முடித்துத் தளவாயிடம் காட்டினார். 'இவர் இந்த ஊரில் குடியிருக்கிறார். இவர் பிறந்ததிலிருந்து எனக்கு இவரைத் தெரியும். இவருக்கு முதல் முடி எடுத்தவர் என் தகப்பனார்.' கீழே கையெழுத்து.

"கடைசி வரி தேவையில்லதான்" என்றார் கொம்பையா. "ஆனா சந்தேகம் வரப்பிடாதுல்லா."

மன்னிப்பு இப்படித்தான் சில சமயம் வரும். கேட்பதற்கு முன்பே வந்து, தன் பேரைக்கூடச் சொல்லாமல் போய்விடும். அதை அனுப்புகிறவன் மேலே இருக்கிறான். கொண்டுவருகிறவர் கையில் கத்தரி இருக்கலாம்.

"அட்டைக்கு ஒரு செராக்ஸ் வேணும்னு அந்த அங்கன்வாடிப் பொண்ணு கேக்கும்" என்று கொம்பையா செருப்பை மாட்டினார். "ரெண்டு கடை தள்ளித்தான். வா தாயி, அப்படியே ஒனக்குக் கடலை மிட்டாயும் வாங்கிட்டு வருவோம். கடைய யாராவது பாத்துக்கிட்டா தேவல."

அவர் படி இறங்கியிருந்தார். தளவாயின் வாய் திறந்தது. இரண்டு வருஷமாகப் புரள மறுத்த நாக்கு, யாரும் தள்ளாமலே புரண்டது.

"போயிட்டு வாங்க, அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன்."

கொம்பையா திரும்பவில்லை. ஒரு கணம் நின்றார். பிறகு வேல்விழியின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தார்.

கடையில் தளவாய் மட்டும் இருந்தார். நாற்காலியைச் சுற்றிலும் முடி. அவருடையது, காலையிலிருந்து வந்துபோனவர்களுடையது, கறுப்பும் நரையும் கலந்து, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் கிடந்தது.

மூலையில் துடைப்பம் இருந்தது. எடுத்தார். அவர் வீட்டில் ஒருவரும் வெட்டிய முடியைத் தொட்டதில்லை. பழக்கமில்லாத கை என்பதால் மின்விசிறிக் காற்றில் பாதி மறுபடியும் அவர் காலுக்கே வந்தது. விசிறியை நிறுத்திவிட்டு, ஓரத்திலிருந்து நிதானமாகக் கூட்டினார். முறத்தில் வாரி வாளியில் போட்டார்.

நாற்காலிக் காலடியில் ஒரு சின்னக் கொத்து விடுபட்டிருந்தது. துடைப்பத்துக்கு அது எட்டவில்லை. தளவாய் குந்தி உட்கார்ந்து, அதைத் தன் விரலால் எடுத்தார்.

துடைப்பத்தை இருந்த மூலையிலேயே, இருந்த மாதிரியே சாத்தி வைத்தார். விசிறியைப் போட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார்.