இரண்டு பேருக்கும் ஒரே முதுகு

தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையேறி வருகிற படம் என்றால் அதில் பெண்ணுக்கு அழுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. அந்த டைரக்டர் எடுத்த படம் அப்படியே தலைகீழ். ஊரில் சாராயக்கடை நடத்துகிறவளும் பெண். அவளை ஊரைவிட்டே துரத்தத் துடிக்கிற மாட்டுப்பண்ணைக்காரியும் பெண். இரண்டு பேர் இடுப்பிலும் துப்பாக்கி. ஆண்கள் குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள்.

கடைக்காரியாகப் பெரிய நடிகை. பண்ணைக்காரியாக, அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்த சின்ன நடிகை. இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒருத்தி உட்கார்ந்த நாற்காலியை மற்றவள் தொடமாட்டாள். தன் மேல் அடுத்தவளின் விரல்கூடப் படக்கூடாது என்று இருவரும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். படமோ முழுக்க முழுக்க அடிதடி. ஆகவே அந்த அடிகளை வாங்கிக்கொள்ள ஓர் உடம்பு தேவைப்பட்டது.

அது டூப் போடுகிறவளின் உடம்பு. இரண்டு பேருக்கும் அவளே டூப். பெரியவள் அடிக்கிற காட்சியில் சின்னவளின் கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு முதுகு காட்டி நிற்பாள். சின்னவள் அடிக்கும்போது பெரியவளின் சிவப்புச் சட்டை. யூனிட்டில் அவளுக்கு ‘ரெட்டை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். யார் ரெட்டை என்று கூப்பிட்டாலும் அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அவளை அந்த வேலையில் சேர்த்தவன் அவளுடைய அண்ணன். படத்துக்கு அவன்தான் ஃபைட் மாஸ்டர். அப்பா போன பிறகு தங்கையை வளர்த்ததும், குதிரையேறவும் உயரத்திலிருந்து விழவும் பழக்கியதும் அவன். அடிபடாமல் அடிவாங்குவதுதான் தொழில் என்பான். கை கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போகும், இவள் தலையை வெடுக்கென்று திருப்புவாள், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள்.

பெரிய நடிகையின் முதல் அறையே கன்னத்தில் இறங்கியது. விரல்கள் அப்படியே பதிந்தன. கை தவறிவிட்டது என்று அவள் காமிராவைப் பார்த்துச் சொன்னாள். டைரக்டருக்கோ வாயெல்லாம் பல். இதுதான் வேண்டும், இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவையும் கை தவறியது. இது சின்ன நடிகையின் காதுக்குப் போக, மறுநாள் அவள் சிவப்புச் சட்டை போட்டிருந்த ரெட்டையைத் தலைமுடியைப் பிடித்துப் படிக்கட்டில் தரதரவென்று இழுத்தாள். அதற்கப்புறம் அது போட்டியாகிவிட்டது. ஒருத்திக்கு மற்றவள் மேல் இருந்த வயிற்றெரிச்சலெல்லாம் இவள் மேல் தீர்ந்தது. துணி மாற்றிவிடுகிறவள் முதுகைப் பார்த்து உச்சுக்கொட்டுவாள்; உச்சுக்கொட்டிக்கொண்டே அடுத்த சட்டையை மாட்டிவிடுவாள்.

அண்ணனிடம் சொன்னாள். டைரக்டர் அடுத்த பெரிய படத்தையும் தனக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார், இந்த நேரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே என்று கெஞ்சினான். இவளும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு சவுக்குக் காட்சி வந்தது. பண்ணைக்காரி கடைக்காரியைத் தூணில் கட்டிவைத்து அடிக்க வேண்டும். பஞ்சைத் திரித்துச் சாயம் பூசிய சவுக்கு. பட்டால் கூச்சமாக இருக்குமே தவிர வலிக்காது. ரெட்டை முதுகைக் காட்டி நின்றாள். முதல் வீச்சிலேயே நெருப்பை வைத்து இழுத்த மாதிரி இருந்தது. அது தோல் சவுக்கு. கத்திக்கொண்டே தலையைத் திருப்பினாள். காமிராவுக்குப் பக்கத்தில் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அப்படி நின்றதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

கட்டை அவிழ்த்ததும் நேராக அவனிடம் போனாள்.

“சவுக்க மாத்துனது நீயா?”

“டைரக்டர் கேட்டார். பஞ்சுன்னு தெரியுதாம்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ நின்னிருக்க மாட்டே.”

அன்று மாலை சட்டை ஒட்டாமல் முதுகை வளைத்துக்கொண்டு ஒப்பனை அறைப் பக்கம் போனாள். உள்ளே ஒரே சிரிப்பு. பெரியவள் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, சின்னவள் அவள் கால் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் இடையில் இருந்த வெறுப்பு எங்கே போனதென்று தெரியவில்லை; அடித்து அடித்துத் தீர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. பெரியவள் அவளைப் பார்த்துவிட்டுப் பிரியமாகவே கூப்பிட்டாள்.

“வா ரெட்டை. நாளைக்கு உன்ன சுட்டதும் நீ எப்படிக் கத்துவேன்னு இவ செஞ்சு காட்டுறா, பாரு.”

சின்னவள் செய்து காட்டினாள். அச்சு அசலாக இருந்தது. ரெட்டையும் சிரித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் பண்ணைக்காரி குண்டடிபட்டு மாடிக் கைப்பிடியைத் தாண்டி விழ வேண்டும். ரெட்டை கறுப்பு உடையைத் தொடமாட்டேன் என்று கீழே ஒரு பெட்டியில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் கெஞ்சினான், எல்லோர் முன்னாலும் திட்டினான், என் சோற்றில் மண்ணைப் போடுகிறாயே என்றான். அவள் அசையவில்லை. வெயில் ஏற ஏற டைரக்டர் கத்த ஆரம்பித்தார். கடைசியில் அண்ணனே பொய்முடியை வைத்து அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டான். லைட்மேன்கள் விசிலடித்தார்கள். நடிகைகள் இருவரும் தோளோடு தோள் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

கீழே அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போட்டிருந்தார்கள். எல்லாம் ரெட்டைக்காகக் கைப்பிடியிலிருந்து தள்ளி அடுக்கியவை. அவள் எம்பி, தள்ளி விழுகிறவள். அண்ணனோ கனத்த உடம்பு, விழுகிற பழக்கமும் விட்டுப் போயிருந்தது. கைப்பிடிக்கு நேர் கீழேதான் வருவான். அங்கே வெறும் கல்தரை. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது தெள்ளத்தெளிவாகத் தெரிந்தது.

அவன் மேலேயிருந்து அவளைத்தான் தேடினான்.

“எல்லாம் சரியா இருக்கா?”

அவள் தலையசைத்தாள்.

வேட்டுச் சத்தம் கேட்டது. இடுப்புக்கு மேலே மெத்தையிலும் கீழே கல்லிலுமாக விழுந்தான். பாவாடை முகத்தை மூடிக்கொண்டது. டைரக்டர் ‘கட்’ சொல்லாததால் கொஞ்ச நேரம் யாரும் கிட்டே போகவில்லை. பிறகு அவர் சொன்னார். சொல்லிவிட்டு, முகம் தெரிந்ததா என்று காமிராமேனைக் கேட்டார்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அண்ணி அழுதழுது குரல் கட்டிப்போய் வாசலில் நின்றிருந்தாள். பெட்டி தள்ளியிருந்தது உனக்குத் தெரியவில்லையா என்று நாத்தனாரைக் கேட்டாள். உள்ளேயிருந்து அண்ணன்தான் பதில் சொன்னான்: தப்பு தன்னுடையது, தானே கிட்டே விழுந்துவிட்டதாக. அண்ணி மருந்து வாங்கப் போனதும் தங்கையைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

“மேலேர்ந்து பாக்கும்போதே தள்ளி இருக்கற மாதிரிதான் இருந்துச்சு. நீ தலையாட்டினியேன்னு விழுந்தேன்.”

அவன் சுவரைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டான். போர்வை விலகி ஒரு கால் வெளியே தெரிந்தது. அதை இழுத்து மூடிவிட்டாள். அவனுக்கு அது தெரியவில்லை.

மறுநாள் படப்பிடிப்புக்குப் போனாள். குதிரைக் காட்சிகள் பாக்கியிருந்தன. மாஸ்டர் வேலையையும் நீயே பார்த்துக்கொள், டூப்புக்கு வேறு பெண்ணைக் கூட்டிவருகிறேன் என்றார் டைரக்டர். அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. சரி என்றாள்.